மச்சு வயரிங்

பழைய ஓட்டு வீடுகளின் கூரையடி மச்சை வசிப்பறையாக மாற்றும்போது செய்யும் மின்கம்பிப் பணி. கேரள–தமிழக எல்லையிலுள்ள பனச்சமூடு வட்டாரத்தில் நெல்லும் தேங்காயும் பாத்திரங்களும் வைத்த மச்சுகள் பல இன்று படிப்பறையாகவோ படுக்கையறையாகவோ மாறுகின்றன.

முதல் கவலை பழைய கட்டை வயரிங். தேக்குச் சட்டத்தில் கிளிப்பால் இறுக்கிய ரப்பர் உறைக் கம்பி, ஓட்டுச் சூட்டில் வறண்டு, தொட்டாலே உதிரும். மிஞ்சியதை எலி கடிக்கும். கூரையைத் தாங்கும் மரக் கழுக்கோலுக்கு அருகே அது தீ அபாயம்.

மெயினை அணைத்து பழைய கம்பியை முழுவதும் அகற்ற வேண்டும். புதிய செம்புக் கம்பி பிவிசி குழாய்க்குள் செல்லும்: விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர்.

மச்சுக்குத் தனி எம்.சி.பி. (மிகை மின்னோட்டத்தில் தானே அணையும் சுவிட்ச்), எர்த் கம்பி, 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவில் தானே அணையும் சுவிட்ச்) அவசியம். வயரிங்குக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 732. உரிமம் பெற்ற மின்பணியாளர் காப்புத்தடை அளக்கும் மெகரால் சோதித்த பிறகே இணைப்புத் தர வேண்டும்.