டூருக்கு கேமரா வாங்கப் போறீங்களா? பாக்கெட் கேமராவில் 'மேனுவல்' இருக்கான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

லீவு வந்தாச்சு. டிக்கெட் போட்டாச்சு, ரூமும் புக் பண்ணியாச்சு. அடுத்து பல வீடுகளில் எழும் கேள்வி, "போன் கேமரா போதுமா, இல்ல தனியா ஒரு கேமரா வாங்கலாமா?" என்பதுதான்.

பெரிய டிஎஸ்எல்ஆரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு மலை ஏறுவது சிரமம். அதனால் பலரும் கைக்கு அடக்கமான 'காம்பேக்ட்' கேமராக்களைத் தேடுகிறார்கள். ஆனால், இவற்றின் விலை இன்று நல்ல ஸ்மார்ட்போன் விலையைத் தொடுகிறது. சில மாடல்கள் அதையும் தாண்டிவிடுகின்றன. தவறான மாடலை எடுத்தால் டூர் பட்ஜெட்டே காலி. வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

திடீர்னு ஏன் இவ்வளவு மவுசு?

2010-ம் ஆண்டில் உலகம் முழுக்க 10 கோடிக்கும் அதிகமான காம்பேக்ட் கேமராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. ஸ்மார்ட்போன் வந்த பிறகு அந்தச் சந்தை சரிந்தது. 2023-ல் இது சுமார் 17 லட்சமாகச் சுருங்கியது. நிறுவனங்களும் பல மாடல்களை நிறுத்திவிட்டன.

இந்த நேரத்தில்தான் இன்ஸ்டாகிராம், டிக்டாக் தலைமுறைக்கு சின்ன கேமரா மேல் மீண்டும் ஆசை வந்தது. தயாரிப்பு குறைவு, கேட்பவர்கள் அதிகம். விளைவு, சில மாடல்களுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. பழைய கேமராவையே புது விலைக்கு மேல் விற்கும் ஆட்களும் வந்துவிட்டார்கள். ஆகவே, அவசரப்படாமல் வாங்குவதே பணத்தைக் காப்பாற்றும் முதல் வழி.

போன் இருக்கும்போது கேமரா எதுக்கு?

பகல் வெளிச்சத்தில் குடும்பப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் தேவை என்றால், போனே போதும். தனியாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. விலை உயர்ந்த சில போன்களில் 1 இன்ச் சென்சாரே வந்துவிட்டது.

கேமரா ஜெயிக்கும் இடங்கள் வேறு. தொடர்ச்சியான ஆப்டிக்கல் ஜூம், சட்டென்று வெட்டும் உண்மையான ஃபிளாஷ், விரலால் திருப்பி மாற்றக்கூடிய டயல்கள் ஆகியவை முக்கியமானவை. போனின் 'ப்ரோ மோடில்' ஷட்டர் வேகத்தையும் ஐஎஸ்ஓவையும் மாற்றலாம். ஆனால் பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சர் மாறாது, அது ஒரே அளவில் நிற்கும்.

'மேனுவல்'னா என்ன?

படம் எடுப்பது என்பது வெளிச்சத்தை அளந்து உள்ளே விடுவதுதான். அதற்கு மூன்று பிடிகள் உண்டு.

அப்பர்ச்சர்: லென்ஸின் துவாரம். எண் சிறியதாக இருந்தால் துவாரம் பெரியது. எஃப் 1.8-ல் அதிக வெளிச்சம் வரும், எஃப் 8-ல் குறைவாக வரும்.

ஷட்டர் ஸ்பீடு: எவ்வளவு நேரம் வெளிச்சம் உள்ளே வருகிறது என்பது. 1/1000 நொடியில் ஓடுகிறவர் உறைந்து நிற்பார். கால் நொடியில் அருவி நீர் பட்டுப் போல வழியும்.

ஐஎஸ்ஓ: கிடைத்த வெளிச்சத்தை எவ்வளவு பெருக்குவது என்பது. கூட்டினால் இருட்டிலும் படம் வரும், கூடவே புள்ளி புள்ளியாக 'நாய்ஸ்' வரும்.

இந்த மூன்றையும் நீங்களே தீர்மானிக்க முடிந்தால் அதுதான் மேனுவல் கேமரா. மேலே உள்ள டயலில் பி, ஏ, எஸ், எம் என்ற எழுத்துகள் இருக்கிறதா என்று பாருங்கள். கேனான் கேமராவில் ஏ, எஸ் என்பதற்குப் பதில் ஏவி, டிவி என்று இருக்கும். இந்த எழுத்துகள் எதுவும் இல்லாமல் 'சீன்', 'பியூட்டி', 'ஆட்டோ' மட்டும் இருந்தால் கவனம் தேவை. டயலே இல்லை என்றால், மெனுவில் அப்பர்ச்சரையும் ஷட்டர் வேகத்தையும் தனித்தனியாக மாற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மெகாபிக்சல் முக்கியமில்லை, சென்சார் முக்கியம்

வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லுதான் சென்சார். '1 இன்ச் சென்சார்' என்று சொல்வார்களே தவிர, அதன் உண்மையான அளவு 13.2 மி.மீ. அகலம், 8.8 மி.மீ. உயரம்தான். இருந்தாலும், நீண்ட ஜூம் கொண்ட சாதாரண காம்பேக்ட்களில் இருக்கும் 1/2.3 இன்ச் சென்சாரைவிட இதன் பரப்பு சுமார் 4 மடங்கு. அடுத்த கட்டமான ஏபிஎஸ்-சி சென்சார், 1 இன்ச்சைவிட சுமார் 3 மடங்கு பெரியது.

இரவு, கோயில் பிராகாரம், மழை மேகம் போன்ற இடங்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மேனுவல் கன்ட்ரோல் வேண்டும் என்பவர்கள் 1 இன்ச்சுக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

ஒரு விஷயத்தில் ஏமாற வேண்டாம். 1 இன்ச் கேமராவில் எஃப் 1.8 என்று இருந்தாலும், பின்னணி மங்கல் பெரிய ஃபுல் ஃபிரேம் கேமராவின் எஃப் 5 அளவுக்குத்தான் வரும். வெளிச்சம் அதிகம் கிடைக்கும். கல்யாண ஆல்பம் மாதிரி பின்னணி கரைந்து போகாது.

ஜூமா, வெளிச்சமா? ரெண்டுல ஒண்ணு!

சின்ன கேமராவில் எல்லாம் கிடைக்காது. நீண்ட ஜூம் வேண்டும் என்றால் துவாரம் சிறியதாகும். பெரிய துவாரம் வேண்டும் என்றால் ஜூம் குறையும். நான்கு மாடல்களை வைத்துப் பார்த்தால் இது புரியும்.

சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 (2019): 24-200 மி.மீ. ஜூம், எஃப் 2.8-4.5, எடை 302 கிராம். வெயிலில் கண்ணை வைத்துப் பார்க்க, மேலெழும் வியூஃபைண்டர் உண்டு. ஒரே கேமராவில் எல்லாம் எடுக்க நினைப்பவர்களுக்கு ஏற்றது.

கேனான் பவர்ஷாட் ஜி7எக்ஸ் மார்க் 3 (2019): 24-100 மி.மீ., எஃப் 1.8-2.8, எடை 304 கிராம். ஜூம் பாதிதான். ஆனால் ஜூமின் கடைசியில் சோனியைவிட சுமார் இரண்டரை மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். வெளியிலிருந்து மைக் செருகலாம், வியூஃபைண்டர் கிடையாது.

ரிக்கோ ஜிஆர் 3 (2019): ஏபிஎஸ்-சி சென்சார், எடை 257 கிராம், 28 மி.மீ. நிலையான லென்ஸ். நிஜமாகவே சட்டைப் பையில் போகும். ஜூமும் கிடையாது, உள் ஃபிளாஷும் கிடையாது. நடந்து போய் எடுக்கத் தயங்காதவர்களுக்கு மட்டும்.

ஃபியூஜிஃபில்ம் எக்ஸ்100-6 (2024): ஏபிஎஸ்-சி, 40 மெகாபிக்சல், 35 மி.மீ. எஃப் 2 நிலையான லென்ஸ், எடை 521 கிராம். லென்ஸைச் சுற்றி அப்பர்ச்சர் வளையம், மேலே ஷட்டர் டயல் என மேனுவல் பழக மிக வசதியானது. ஆனால் பாக்கெட்டில் போகாது, விலையும் மிக அதிகம்.

பறவை பார்க்க வேடந்தாங்கல் போகிறவர்களுக்கு இந்த நான்குமே பத்தாது. 200 மி.மீ. ஜூமில்கூட தூரத்து மரத்தில் நாரை புள்ளியாகத்தான் தெரியும்.

'48 மெகாபிக்சல், 16எக்ஸ்' விளம்பரமா? உஷார்!

ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு '4கே, 48 மெகாபிக்சல், 16எக்ஸ் ஜூம்' என்று கேமராக்கள் கிடைக்கின்றன. 'டிஜிட்டல் ஜூம்' என்று எழுதியிருந்தால், அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. போனில் விரலால் விரிப்பதும் அதுவும் ஒன்றுதான். பலவற்றில் அப்பர்ச்சரும் மாறாது, ஷட்டர் வேகத்தையும் நாம் தீர்மானிக்க முடியாது. பெரிய மெகாபிக்சல் எண்ணும் சென்சாரின் உண்மையான அளவாக இல்லாமல், மென்பொருளால் ஊதிப் பெருக்கியதாக இருக்கலாம்.

விவரப் பட்டியலில் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். சென்சார் அளவு, ஆப்டிக்கல் ஜூம், எம் மோடு, 'ரா' ஃபைல் வசதி. இந்த நான்கையும் சொல்லாத பட்டியலை அப்படியே மூடிவிடலாம்.

பழைய கேமரா வாங்குகிறீர்கள் என்றால் லென்ஸை நாலைந்து முறை நீட்டி மடக்கிப் பாருங்கள். வெள்ளைச் சுவரை எஃப் 11-ல் ஒரு படம் எடுங்கள். கரும்புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசி. இவற்றில் லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால், சுத்தம் செய்ய சர்வீஸ் சென்டர்தான் போக வேண்டும். புதிதாக வாங்கினால் இந்திய வாரன்டி உண்டா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எந்த இடத்துல என்ன செட்டிங்?

நீலகிரி மலை ரயில்: ரயில் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் ஜன்னலை ஒட்டிய மரங்கள் மங்கும். எஸ் மோடில் 1/500 வையுங்கள். குகைக்குள் நுழைந்து வெளிச்சம் மாறும்போது ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருந்தால் கேமராவே சமாளிக்கும்.

குற்றாலம் அருவி: நீர் பட்டுப் போல வர கால் நொடி தேவை. பகலில் அவ்வளவு நேரம் திறந்தால் படம் வெளுத்துவிடும். வெளிச்சத்தைக் குறைக்கும் 'என்டி ஃபில்டர்' கேனான், ரிக்கோ, ஃபியூஜி மாடல்களில் உள்ளேயே இருக்கிறது. சோனி மார்க் 7-ல் இல்லை. கேமராவைப் பாறை மேல் வைத்து, டைமரில் எடுங்கள். சாரல் படும் தூரத்துக்குப் போக வேண்டாம்.

தனுஷ்கோடி சூரிய உதயம்: ஆட்டோவில் வானம் வெளுத்துப் போகும். எக்ஸ்போஷரை மைனஸ் 1-க்குக் குறையுங்கள், நிறம் திரும்பி வரும். சூரியனுக்கு முன் ஆள் நின்றால் ஃபிளாஷைப் போடுங்கள். நீளும் லென்ஸுக்குள் மணல் போனால் செலவு பெரிது. படம் எடுத்ததும் மூடி, ஜிப் கவருக்குள் வைத்துவிடுங்கள்.

இரவுத் திருவிழா: நடக்கிறவர்கள் மங்காமல் இருக்க 1/125 வேண்டும். எஃப் 1.8 இருந்தால் ஐஎஸ்ஓ 1600-ல் முடியும் படத்துக்கு, எஃப் 2.8-ல் சுமார் 4000 தேவைப்படும். ஜூம் குறைவான லென்ஸின் அருமை இங்கேதான் தெரியும்.

உச்சி வெயில்: ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/400. எம் மோடு பழக இதைவிட எளிய தொடக்கம் இல்லை.

கிளம்பும் முன்...

பல காம்பேக்ட்களில் ஒரு சார்ஜுக்கு 200 முதல் 300 படங்கள்தான் வரும். கூடுதல் பேட்டரி ஒன்று அவசியம். விமானத்தில் போகிறவர்கள் உபரி லித்தியம் பேட்டரியை செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். கேமரா ரசீதின் நகலைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழகக் கோயில்களுக்குள் செல்போன் கொண்டு செல்லத் தடை விதிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. பல கோயில்களில் கேமராவுக்கும் அனுமதி இல்லை. தொல்லியல் துறை பராமரிக்கும் நினைவுச் சின்னங்களில் டிரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். எனவே, முதலில் விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது.

முக்கியமாக, கேமராவை டூர் கிளம்பும் முந்தைய நாள் வாங்காதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் முன்பே வாங்கி, முதல் வாரம் ஏ மோடில் மட்டும் வீட்டையும் தெருவையும் எடுங்கள். அடுத்த வாரம் எம் மோடுக்குப் போங்கள். தாத்தா பாட்டி கடலில் கால் நனைக்கும் அந்த ஒரு நொடி, நீங்கள் மெனுவைத் தேடி முடிக்கும் வரை காத்திருக்காது. பழகவே நேரம் இல்லை என்றால் இந்த முறை போனோடு போய் வாருங்கள். கேமராவை அடுத்த லீவுக்கு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.