கூட்டாளி இறந்தால் லைசென்ஸ் என்ன ஆகும்? ரோமாபுரி முதல் ஜிஎஸ்டி வரை

இரண்டு நண்பர்கள் கூட்டாக ஒரு மருந்துக்கடை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் திடீரென்று இறந்துவிடுகிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மற்றவர் கடையைத் திறக்கிறார். பெயர்ப்பலகை அதேதான். சரக்கும் அதேதான். சுவரில் கண்ணாடி பிரேமுக்குள் தொங்கும் லைசென்சும் அதேதான். ஆனால் சட்டத்தின் கண்ணில், அந்த லைசென்சை வாங்கிய நிறுவனம் இப்போது இல்லை!

ஏன் இப்படி? பதிலைத் தேடினால் ரோமாபுரிக்குப் போக வேண்டியிருக்கிறது.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமச் சட்ட அறிஞர் கையஸ், கூட்டாளி ஒருவர் இறந்தால் கூட்டு கலைந்துவிடும் என்று எழுதினார். காரணம் எளிமையானது. கூட்டு சேருகிறவர் ஒரு குறிப்பிட்ட ஆளை நம்பித்தான் சேருகிறார். அந்த ஆளின் மகனையோ மருமகனையோ நம்பி அல்ல. ஆனால் ரோமர்கள் ஒரு விதிவிலக்கு வைத்திருந்தார்கள். அரசிடம் வரிவசூலைக் குத்தகைக்கு எடுத்தவர்களின் கூட்டு மட்டும், ஒருவர் இறந்தாலும் தொடரலாம். அவருடைய பங்கு வாரிசுக்கு என்று முன்பே ஏற்பாடு செய்திருந்தால் வாரிசும் உள்ளே வரலாம். வசூல் பாதியில் நின்றால் நட்டம் அரசுக்கு அல்லவா!

இந்தியாவில் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே கூட்டாண்மைக்கு ஒரு தனி அத்தியாயம் இருந்தது. அதை எடுத்துவிட்டு 1932-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். பி.காம். மாணவர்கள் மனப்பாடம் செய்யும் 42-ஆம் பிரிவு அதில்தான் இருக்கிறது. கூட்டாளி இறந்தால் நிறுவனம் கலையும். ஆனால் 'கூட்டாளிகளின் ஒப்பந்தத்துக்கு உட்பட்டு'. தேர்வில் பலரும் விட்டுவிடும் இந்தச் சின்னச் சொற்றொடரில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. 'ஒருவர் இறந்தாலும் மற்றவர்கள் தொழிலைத் தொடரலாம்' என்று பத்திரத்தில் ஒரு வரி இருந்தால் நிறுவனம் பிழைத்துக்கொள்ளும்.

சரி, கூட்டாளிகளே இரண்டு பேர்தான் என்றால்? சேத் கோவிந்த்ராம் சர்க்கரை ஆலை வழக்கில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. இறந்தவரின் வாரிசு கூட்டாளி ஆவார் என்று அந்தப் பத்திரத்தில் எழுதியே இருந்தது. ஆனாலும் 1965-இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. இருவரில் ஒருவர் போனபின் மிஞ்சுவது ஒரே ஆள். ஒரே ஆளை வைத்துக் கூட்டு ஏது? வாரிசோடு புதிதாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அது வேறு நிறுவனம்.

லைசென்சுக்குச் சிக்கல் இங்கேதான் வருகிறது. கம்பெனிக்கு இருப்பது போன்ற தனி சட்ட உருவம் இந்தியாவில் கூட்டாண்மை நிறுவனத்துக்கு இல்லை. நிறுவனத்தின் பெயரில் கொடுத்தாலும் லைசென்ஸ் உண்மையில் அந்த ஆட்களுக்குக் கொடுத்தது. அதனால் ஒவ்வொரு துறையும் தனித்தனியாக அவகாசம் வைத்திருக்கிறது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, நிறுவனத்தின் அமைப்பு மாறினால் பழைய லைசென்ஸ் அதிகபட்சம் மூன்று மாதம் செல்லும். அதற்குள் புதியது வாங்க வேண்டும். உணவுத் தொழிலுக்கான 2011-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்தால் குடும்பத்தாருக்கு 90 நாள் கொடுத்தன. 2017-இல் வந்த ஜிஎஸ்டியில், பான் எண் மாறினால் பதிவும் புதிதாக வாங்க வேண்டும். இரண்டு பேர் கடை ஒருவர் கடையாகும்போது பான் எண் மாறத்தான் செய்யும்.

இறந்தவரின் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? மனைவியோ பிள்ளைகளோ தானாகக் கூட்டாளி ஆகிவிட முடியாது. கணக்கு முடித்துப் பங்கைக் கேட்கலாம். கணக்கு முடிக்காமலே தொழில் தொடர்ந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் 37-ஆம் பிரிவு கைகொடுக்கும். இறந்தவரின் சொத்தைப் பயன்படுத்திச் சம்பாதித்த இலாபத்தில் பங்கு, அல்லது ஆண்டுக்கு 6 சதவீத வட்டி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வாரிசு மைனர் என்றால் எல்லோரும் சம்மதித்து நன்மைகளில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

2008-இல் வந்த எல்.எல்.பி. சட்டம் இந்தப் பழைய சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. எல்.எல்.பி.க்குத் தனி சட்ட உருவம் உண்டு. கூட்டாளி இறந்தாலும் அது இருக்கும். ஆனால் ஒருவரே மிஞ்சினால், ஆறு மாதத்துக்குள் இன்னொருவரைச் சேர்க்க வேண்டும். அதற்கு மேலும் தெரிந்தே தனியாக நடத்தினால், அந்தக் காலத்துக் கடன்களுக்கு அவரே சொந்தப் பொறுப்பு.

ஆனாலும் ஊரில் பல கடைகள் இன்னும் பழைய கூட்டாண்மையாகத்தான் நடக்கின்றன. பத்திரம் எழுதும் நல்ல நாளில் சாவைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வருவதில்லை, அபசகுனம் என்பார்கள். அன்றைக்கே மூன்றாவதாக ஒரு கூட்டாளியைச் சேர்த்து, அந்த ஒரு வரியையும் எழுதிவிட்டால் ஒரு மரணத்தோடு நிறுவனம் கலையாது. லைசென்சை மாற்ற அலைவது மட்டும்தான் மிச்சம். எழுதாவிட்டால், துக்கம் ஆறுவதற்குள் கடையையே இன்னொரு முறை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.