யாருடைய பிள்ளைக்கு இந்தத் திட்டம்?



வகுப்பறைக்குள் ஒரு புதுக் கருவியோ புதுத் திட்டமோ வந்தால் நம் நாட்டில் உடனே சண்டை தொடங்கிவிடுகிறது. மடிக்கணினி கொடுக்கலாமா, செல்போனில் பாடம் நடத்தலாமா, ஆறாம் வகுப்பிலேயே தொழில் கற்றுத் தரலாமா என்று ஆளுக்கொரு கட்சி. இவற்றைப் பாடமுறை பற்றிய கருத்து வேறுபாடுகளாக மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். எந்தப் பிள்ளையின் கை எதைத் தொடலாம் என்று சமூகம் முன்கூட்டியே மனத்தில் முடிவு செய்துவிடுகிறது. காரணங்களைப் பிறகுதான் தேடுகிறது. பாலாற்றங்கரையில் தோலோடு வாழ்ந்த மக்களின் பக்கம் நின்று இந்த வரலாற்றைப் பார்ப்போம்.

கரும்பலகையும் ஒரு காலத்தில் வகுப்பறைக்குப் புதிய கருவிதான். சிறுவன் அம்பேத்கர் தன் கோணித்துண்டைத் தானே பள்ளிக்கு எடுத்துப்போய்த் தனியே உட்கார்ந்தார். பின்னர் பம்பாயில் படிக்கும்போது, கணக்குப் போட ஆசிரியர் அவரைப் பலகைக்கு அழைத்தார். பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சோற்றுப் பாத்திரங்களை எடுக்கச் சாதி இந்து மாணவர்கள் ஓடினார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. அவருக்குக் கணக்குத் தெரியுமா என்ற கேள்வி அந்த மாணவர்களுக்கு எழவே இல்லை.

அருவருப்பு இப்படித்தான் வேலை செய்கிறது. 1986ல் பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். கிருமி நீக்கிய செத்த கரப்பான் பூச்சியைப் பழச்சாற்றில் நனைத்து எடுத்துவிட்டுக் குடிக்கச் சொன்னார்கள். ஆபத்தில்லை என்று தெரிந்தும் பலர் அதை விரும்பவில்லை. காரணம் தீர்ந்துபோன பிறகும் அருவருப்பு மிச்சமிருந்தது. தீட்டு என்று நாம் அறிந்ததும் இதற்கு நெருங்கிய சொந்தம்தான். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று எங்கே பார்த்தாலும் இதே கதை. உப்புத் தோலாக வருவது சுண்ணாம்புக் குழியில் ஊறி, மயிர் நீங்கி, ஆவாரம் பட்டையிலோ குரோமிலோ பதமாகி, ஷூவாகி ஐரோப்பாவுக்குக் கப்பலேறும்போது அதில் தீட்டு இல்லை. குழியில் இறங்கியவரின் மகள் வகுப்பில் உட்காரும்போதுதான் பக்கத்துப் பெஞ்சுக்கு நாற்றம் அடிக்கிறது. தோலுக்கு நீங்கிய தீட்டு தொழிலாளிக்கு நீங்கவில்லை.

இந்தப் பின்னணியில் 1953ஐப் பாருங்கள். முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். பள்ளி மூன்று மணி நேரம்தான். இரண்டு முறை வைத்து நடத்தினால் அதே ஆசிரியர்களைக் கொண்டு இன்னும் நிறையப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரிடம் தொழில் பழகலாம். சிக்கனம், குடும்பப் பாசம், உழைப்பின் மேன்மை ஆகியவை அவர் பக்கத்து அறங்கள். அவர் நம்மை வெறுத்ததால் இதைக் கொண்டுவந்தார் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஆனால் 1939ல் ஆலய நுழைவுச் சட்டம் கொண்டுவந்ததும் அவருடைய அரசுதான். நல்லெண்ணத்தோடு செய்கிற காரியமும் ஒரு பிள்ளையின் வாழ்க்கையைப் பூட்டிவிட முடியும் என்பதே நமக்கான பாடம்.

நெசவாளி வீட்டில் மீதி நேரம் என்றால் தறி. அக்கிரகாரத்தில் மீதி நேரம் என்றால் புத்தகம். தோல் உரிப்பவர் வீட்டில்? பெற்றோர் எந்தக் குழியிலிருந்து பிள்ளையைத் தூக்கிவிடப் பள்ளிக்கு அனுப்பினார்களோ, அதே குழிக்கு அரசாங்கமே மத்தியானம் திருப்பி அனுப்புகிறது. உழைப்பின் மேன்மை என்று மேலே சொன்னது கீழே தண்டனையாகக் கேட்டது. பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். அந்த ஒரு சொல் மக்களின் அவமானத்தைச் சரியாகத் தொட்டது.

1953 ஜூலையில், திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்பும் தீர்மானம் சட்டமன்றத்தில் நூலிழையில் நிறைவேறியது. பருலேகர் தலைமையிலான குழு திட்டம் சரியானதே என்றது. அதன் பிறகும் எதிர்ப்பு அடங்கவில்லை. நிபுணர்கள் மணிக்கணக்கையும் இடக்கணக்கையும் பார்த்தார்கள்; மக்கள் தங்கள் பிள்ளை என்னவாக வேண்டும் என்பதைப் பார்த்தார்கள். 1954 ஏப்ரல் 13ல் காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த விவாதம் அத்தோடு முடியவில்லை. 2011ல் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினி வந்தபோது, படம் பார்ப்பார்கள், விற்றுவிடுவார்கள் என்றார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அப்பா வாங்கித் தந்தால் அது முதலீடு; நம் பிள்ளைக்கு அரசு தந்தால் அது இலவசம். கருவி ஒன்றுதான், தொடும் கை வேறு. கரும்பலகைக்குப் பின்னால் இருந்த சோற்றுப் பாத்திரம் இங்கே தகுதி என்ற பெயரில் வந்தது.

அதற்காக, கருவியே நம்மை விடுவித்துவிடும் என்று நம்புகிறவர்களோடும் நாம் சேர முடியாது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் 1ல்தான் திறந்தன. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, செல்போன் பாடம் இருந்தது. ஆனால் வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் காலையில் அம்மாவோடு ஷூ கம்பெனிக்குப் போய்விட்டால் பிள்ளைக்கு ஏது வகுப்பு? பள்ளிக்கூடம் இல்லாத பகல் நேரம் வேலையால் நிரம்பியது. எந்தச் சட்டமும் போடாமலே 1953இன் அரைநாள் பள்ளி முழுநாளும் இல்லாத பள்ளியாகத் திரும்பி வந்தது.

இன்று தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆறாம் வகுப்பிலிருந்தே தொழில் அறிமுகம் வேண்டும் என்கிறது. 2023 செப்டம்பர் 17ல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் செருப்புத் தைப்பதும் ஒன்று. அது வயது வந்தவர்களுக்கான திட்டம், கடனும் கருவியும் தருகிறது என்று ஆதரிப்பவர்கள் சொல்வது உண்மைதான். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு எதிர்த்ததிலும் 1953இன் நினைவு இருக்கிறது. கைத்தொழில் இழிவு என்று நாம் சொல்லவில்லை. தோலைப் பதப்படுத்துவதில் வேதியியல் இருக்கிறது. சென்னை அடையாறில் அதற்கென்றே மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அந்த ஆய்வுக்கூடத்துக்கு யார் போகிறார்கள், சுண்ணாம்புக் குழிக்கு யார் போகிறார்கள் என்பதே நம் கேள்வி.

மாணவ நண்பர்களே, இனி ஒரு கல்வித் திட்டமோ கருவியோ உங்கள் ஊருக்கு வரும்போது, அது நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தில் உடனே இறங்காதீர்கள். முதலில் ஒன்றைக் கேளுங்கள்: இதை எழுதியவர் தன் பிள்ளையை இதில் சேர்ப்பாரா? 1953ல் அந்தத் திட்டம் கிராமங்களுக்கு மட்டும்தான், நகரங்களுக்கு இல்லை. அந்த ஒரு விவரத்திலேயே நம் முன்னோர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நமக்கும் அது போதும்.

ஜெய்பீம்.