கால்டெரா

ஸ்பானிய மொழியில் 'கால்டெரா' என்றால் கொப்பரை. சமைக்கும் பானையைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கேனரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவின் நடுவிலுள்ள பெரும்பள்ளத்துக்கு அங்குள்ளோர் இட்ட பெயர் இது. 1815இல் அத்தீவுகளுக்குச் சென்ற ஜெர்மன் நிலவியலாளர் லியோபோல்ட் ஃபான் புக் வழியாக அறிவியலுக்குள் நுழைந்தது. வியப்பு என்னவென்றால், அந்த லா பால்மா பள்ளம் பெரும்பாலும் நிலச்சரிவும் நீர் அரிப்பும் குடைந்தது. இன்றைய பொருளில் அது கால்டெராவே அல்ல.

இன்றைய பொருள், எரிமலை உள்ளிடிந்து உண்டான பள்ளம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மசாமா மலை இதற்குத் தெளிவான சான்று. எரிமலைக்குழம்பும் சாம்பலும் மாறிமாறிப் படிந்து உயர்ந்த அடுக்கு எரிமலை அது. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் சீறியபோது ஏறக்குறைய 50 கன கிலோமீட்டர் பாறைக்குழம்பு வெளியேறியது. அடியில் அக்குழம்பு தேங்கியிருந்த அறை வெறுமையானது; தாங்க ஏதுமின்றி உச்சி உள்ளே சரிந்தது. அங்கு வாழ்ந்த கிளமாத் மக்களின் வாய்மொழிக் கதைகளில் அந்த அழிவு இன்றும் நிற்கிறது. உச்சி சரிந்து உண்டான பள்ளத்தை மழையும் பனியும் நிரப்பின. அதுவே 594 மீட்டர் ஆழமுள்ள கிரேட்டர் ஏரி.

பெயரில் 'கிரேட்டர்' (எரிமலைவாய்) இருந்தாலும் அது எரிமலைவாய் அல்ல. வாய் என்பது குழம்பு பீறிடும் துளையைச் சுற்றிய குழி. கால்டெரா மலையே இடிந்த குழி. தமிழில் எழுதுவோர் இரண்டையும் 'எரிமலைவாய்' என்று ஒன்றாக்கிவிட வேண்டாம்.