இரவல் குரல்

பிறர் பாட்டைப் பாடிப் பிழைப்பவன் என்றால் நமக்கு ஓர் இளக்காரம் இருக்கத்தான் செய்கிறது. சொந்தச் சரக்கு இல்லாதவன் என்று தள்ளிவிடுகிறோம். மேல்நாட்டிலும் இதே கதைதான். புகழ்பெற்ற ஒரு ராக் கோஷ்டியின் பாட்டுக்களை மட்டுமே, அதே உடை, அதே வாத்தியங்களோடு பாடிக் காட்டும் குழுக்களை அங்கே 'டிரிபியூட் பாண்டு' என்கிறார்கள். அஞ்சலிக் கோஷ்டி என்று நாம் சொல்லலாம். ஊருக்குள் ஏதாவதொரு மதுக்கடையில், இருநூறு பேர் முன்னிலையில் இவர்களுடைய கச்சேரி நடக்கும். விமரிசகர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பது அபூர்வம்.

பெரிய கோஷ்டிகள் எளிதில் வந்து சேராத தூர தேசங்களில் இதற்கு நியாயம் இருந்தது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் 1988-ல் பிங்க் ஃபிளாய்டின் பாட்டுக்களுக்கென்றே ஒரு குழு கிளம்பியது. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் வளர்ந்த 'கிரஞ்ச்' சங்கீதத்தின் விஷயம் வேறு. அங்கே குறுக்கே நிற்பது தூரமல்ல, மரணம்.

அந்தச் சங்கீதத்தை உலகறியச் செய்தது நிர்வாணா என்ற கோஷ்டி. அதன் பாடகர் கர்ட் கோபேன். அவருடைய சரித்திரத்தைப் படித்தபோது என் இளக்காரம் கொஞ்சம் கரைந்தது.

1988 நவம்பரில் வெளிவந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டே இரவல்தான். 'ஷாக்கிங் ப்ளூ' என்ற டச்சுக் கோஷ்டியின் பாட்டு அது. 1991 ஏப்ரல் 17-ஆம் தேதி, சியாட்டிலில் 'ஓகே ஹோட்டல்' என்ற சின்ன இடத்தில் ஒரு புதுப் பாட்டை அவர்கள் முதன்முறையாக மேடையேற்றினார்கள். அடக்கமாக ஆரம்பித்துப் பல்லவியில் இடியாய் வெடிக்கும் பாட்டு. அதைத் தாங்கிய 'நெவர்மைண்ட்' செப்டம்பரில் வெளியாயிற்று. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்ஸனையே கீழே இறக்கி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் புதுப் பாட்டுக்கூட 'பிக்ஸீஸ்' கோஷ்டியைக் காப்பியடிக்கப் பார்த்ததுதான் என்று 1994-ல் வெளியான ஒரு பேட்டியில் கோபேனே ஒப்புக்கொண்டார்.

1993 நவம்பரில் நியூயார்க்கில், தொலைக்காட்சிக்காக அவர்கள் பாடிய 14 பாட்டுக்களில் 6 பிறருடையவை. 1994 மார்ச் 1-ஆம் தேதி மியூனிக்கில் நடந்த கடைசிக் கச்சேரியும் பிறர் பாட்டிலேயே ஆரம்பமாயிற்று. அடுத்த மாதம் 5-ஆம் தேதி கோபேன் இறந்தார். வயது 27.

'ஆலிஸ் இன் செயின்ஸ்' பாடகர் லேன் ஸ்டேலி 2002-ல், அதே ஏப்ரல் 5-ல் போனார். 'சவுண்ட்கார்டன்' பாடகர் கிறிஸ் கார்னெல் 2017-ல் மறைந்தார். ஓகே ஹோட்டலின் கச்சேரிகளும் 2001 பிப்ரவரி பூகம்பத்தோடு முடிந்துபோயின. ஆளும் இல்லை, அரங்கும் இல்லை.

இசைத்தட்டு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் இந்தச் சங்கீதம் காதுக்கு மட்டும் உரியதல்ல. சின்ன அறையில் முரசு முழங்கும்போது நெஞ்சுக்கூடு அதிரவேண்டும். பக்கத்தில் நிற்பவனின் வியர்வை நம் மேல் படவேண்டும். அதை இன்று யாரால் கொடுக்க முடியும்? பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவில் இரவல் குரலில் பாடுகிற அந்த அஞ்சலிக் கோஷ்டிக்காரனால்தான் முடியும்.

அவனால் கொடுக்க முடியாதது ஒன்று உண்டு. அன்று ஓகே ஹோட்டலில் நின்றவர்களுக்கு அடுத்து என்ன வரப்போகிறதென்று தெரியாது. இன்று கிதாரின் முதல் மீட்டலிலேயே கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடத் தொடங்கிவிடுகிறது. அந்தத் திகைப்பை எந்த நகலும் திரும்பக் கொண்டுவராது.

ஆனாலும் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், நண்பன் இழுத்து வந்ததற்காக வந்து நிற்கும் ஒரு பையன் இருக்கக்கூடும். அவன் பிறப்பதற்கு வெகுமுன்பே கோபேன் போய்விட்டார். அவனுக்கு எல்லாமே முதல் தடவை. அவனுக்காகவேனும் அவர்கள் பாடட்டும்.