குளிரில் ஒரு கூரை

தென்னாட்டு மார்கழிக்கு ஒரு போர்வை போதும். யமுனைக் கரையின் டிசம்பர் இரவுக்கு அது போதாது என்பதை டில்லித் தமிழர் நன்கறிவர். சுவரும் கூரையும் உள்ளோர்க்கே இந்நிலை எனில், நடைபாதையில் படுப்போர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ? அவர்களுக்குத் தங்குமிடம் அளிப்பது யாருடைய கடமை? இவ்வினாவுக்குத் தலைநகரம் கண்ட விடை காலந்தோறும் மாறி வந்திருக்கிறது.

பிரோஸ் ஷா கோட்லாவில் நிற்கும் அசோகர் தூணில், வழிப்போக்கருக்காக மரம் நட்டு, கிணறு வெட்டி, தங்குமிடம் அமைத்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் ஷாஜஹானின் மகள் ஜஹனாரா சாந்தினி சௌக்கில் பெரியதொரு சராய் கட்டுவித்தாள். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப்பின் ஆங்கிலேயர் அதனை இடித்தனர். அவ்விடத்தில் நகர மண்டபம் எழுந்தது.

நம் சத்திரம் சாவடிகளைப் போலவே சராய்களும் பயணிகளுக்காக ஏற்பட்டவை. சொந்த ஊரில் வீடுள்ளவன் வழியிலே தங்கிச் செல்லும் இடங்கள். பெருநகரமோ வேறொரு மனிதனைத் தோற்றுவித்தது. அவன் மூட்டை சுமந்தும், ரிக்ஷா மிதித்தும், கலியாணப் பந்தல்களில் பாத்திரம் துலக்கியும் அந்நகரிலேயே உழைக்கிறான். இரவில் தலைசாய்க்க இடமில்லை. அவன் பயணியும் அல்லன், குடித்தனக்காரனும் அல்லன். ஆகவே பழைய தருமத்தின் கணக்கிலும் அவனுக்கு இடமில்லாது போயிற்று. புதிய நகராட்சியின் கணக்கிலும் நெடுங்காலம் இடமில்லாதிருந்தது.

2009-ஆம் ஆண்டு டிசம்பரில், கடுங்குளிருக்கு நடுவே, பூசா சாலை வட்டத்தில் இருந்த தற்காலிக இரவுக் கூடாரத்தை மாநகராட்சி அகற்றியது. செய்தி பரவியதும் டில்லி உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2001 முதல் உணவுரிமை வழக்கை விசாரித்து வந்த உச்ச நீதிமன்றமும் 2010 ஜனவரியில் தலையிட்டது. உணவும் உறையுளும் இன்றிக் குளிரில் வாடுவோனுக்கு உயிர்வாழும் உரிமை என்பது வெறுஞ்சொல்லே அன்றோ? டில்லிக்கு இட்ட ஆணை பின்னர்ப் பிற பெருநகரங்களுக்கும் விரிந்தது: லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம், அதுவும் ஆண்டு முழுவதும், இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். அதே ஆண்டில் டில்லியில் இதற்கெனத் தனி வாரியம் அமைந்தது. 2013-இல் வந்த மத்திய அரசுத் திட்டம் ஆளொன்றுக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் வேண்டுமென வகுத்தது. இவ்வாறு ஈகையாயிருந்தது உரிமையாயிற்று.

எனினும் உரிமை ஏட்டிலே ஏறுவது வேறு, இரவிலே கிடைப்பது வேறு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு டில்லியில் வீடற்றோர் 46,724 பேர் என்றது. மேம்பாலத்தடியிலும் கடைத் திண்ணையிலும் ஒதுங்குவோரை ஓரிரவில் முற்றும் எண்ணிவிடுதல் எளிதன்று. குளிர்காலத்துக்கென எழும் கூடாரங்கள் வேனிலுக்கு முன் நீக்கப்படுகின்றன. மே மாத அனலும் ஆவணி மழையும் நடைபாதையை விட்டுவைப்பதில்லை. மேலும், விடியுமுன் சந்தையில் நிற்க வேண்டிய கூலியாளுக்குத் தொலைவிலுள்ள விடுதியால் பயனில்லை. பெண்களுக்கும் குடும்பத்தினருக்கும் தனியிடமும், உடைமைக்குக் காவலும் இல்லாவிடில் கதவு திறந்திருந்தும் உள்ளே வர அஞ்சுவர்.

2023 பிப்ரவரியில் டில்லியில் இயங்கி வந்த மற்றொரு தங்குமிடம் இடிக்கப்பட்டது. அவ்விடத்தின் பெயர் சராய் காலே கான்.

பிழைப்புத் தேடி அயல் மாநிலம் வந்தோர் நாம். முதல் நாளிரவில் நமக்கு ஓர் உறவினர் வீட்டுக் கூடமோ நண்பர் அறையோ கிடைத்தது. அது கிடைக்காதவரே நடைபாதையில் படுத்திருப்பவர். அவருக்கு வேண்டுவது நம் இரக்கம் மட்டுமன்று. நீதிமன்றம் சொன்ன அந்தக் கூரை, எல்லாப் பருவத்திலும் இடம்பெயராமல் நிற்பதே.