இறையிலி

‘இறை’ கடவுளையும் அரசனையும் குறிக்கும். இங்கே அது வரி. ‘இலி’, இல்லாதது. வரி நீக்கிய நிலமே இறையிலி. சோழர் கல்வெட்டுகளில் தேவதானம், பள்ளிச்சந்தம் போன்ற அறக்கொடைகளை ஒட்டி இச்சொல் அடிக்கடி வரும். அரசு விட்டுக்கொடுத்த வரி கோயிலில் விளக்காக எரிந்தது, அடியார்க்குச் சோறானது. வரிவிலக்கும் ஒரு கொடைதான் என்பதை அன்றைய ஆட்சி நன்கு அறிந்திருந்தது.

இன்று அறக்கட்டளைகளுக்கு உள்ள வருமான வரி விலக்கு இதன் வாரிசு. பொதுவாக, வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட வேண்டும். நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு தனி. ஆனால் தனிநபருக்கான புதிய வரி முறையில் அக்கழிவு கிடையாது; 2023 பட்ஜெட் அம்முறையையே இயல்பானதாக்கியது. சிறு நன்கொடைகளை நம்பி நடக்கும் இல்லங்களுக்கு இது நல்லதல்ல. புதிய முறையிலும் அக்கழிவைத் தர வேண்டும்.